அளவு பார்க்க வந்த அக்கா

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஏற்கனவே ஒருமுறை அந்தப் பெயர் ஊர் வாயில் விழுந்ததற்கு நான் காரணமாக இருந்திருக்கிறேன். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லாரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் நான் அக்கா என்பேன். இங்கேயும் அக்கா என்றே இருக்கட்டும்.

பிரிஞ்சாங் டவுனைத் தாண்டி மலைக்குள் வளைந்து போகும் ஒற்றை ரோட்டின் கடைசியில் எங்கள் தேயிலைத் தோட்டம். லயத்தில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இரண்டே வீடுகள். அக்காவுக்கு அம்மா இல்லை. தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவும் அவரும் மட்டும்தான். அந்த அப்பாவை நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன். அக்கா நல்ல உயரம். பெரியப்பாவின் பழைய பச்சை ஸ்வெட்டரைத்தான் போட்டுக்கொள்வார், கைகளை முழங்கை வரை சுருட்டி விட்டு. பால் ஊற்றாத தேத்தண்ணியை நின்றுகொண்டே குடிப்பார். உட்கார்ந்து குடித்து நான் பார்த்ததில்லை.

அவரிடம் ஏதாவது கேட்டால் உடனே பதில் வராது. அலமாரியில் எதையோ தேடுகிறவர்போல ஒரு கணம் பார்வை விலகிப் போகும். பிறகு பதில் வரும். கேட்ட கேள்விக்கு மட்டும் சரியாக இருக்கும், ஒரு சொல் கூடாமல் குறையாமல். கேட்காத எதையும் அவராகச் சொல்ல மாட்டார்.

தோட்டத்துக்குச் சுற்றுப்பயணிகள் வர ஆரம்பித்த பிறகு தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே தேத்தூள் விற்கும் கடை ஒன்றைத் திறந்தார்கள். அக்காவைப் பேக்கிங் பகுதியிலிருந்து அந்தக் கடைக்கு மாற்றினார்கள். ஒருநாள் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பம். அந்த வீட்டு அம்மா ஸ்ட்ராபெர்ரி வாசனை போட்ட தேத்தூள் டப்பாவைக் கையில் எடுத்து, "இது நல்லா இருக்குமா?" என்று கேட்டார்.

"எனக்குப் பிடிக்காது" என்றார் அக்கா.

"அப்ப எது நல்லா இருக்கும்?"

"கீழ்த்தட்டுல இருக்கு பாருங்க, சாதாப் பொட்டலம். நாங்க அதத்தான் குடிக்கிறோம்."

அலங்கார டப்பாவை வைத்துவிட்டு அவர்கள் சாதாப் பொட்டலங்களை வாங்கிக்கொண்டு போனார்கள். கடை சூப்பர்வைசர் குதித்தார். "அவங்க கேட்டாங்களே" என்றார் அக்கா. வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த பள்ளி விடுமுறைக்கு அதே குடும்பம் திரும்பி வந்து, "அந்த உயரமான பொண்ணு இருக்கா?" என்று அவரைத்தான் தேடியது.

லயத்தில் ஒரு அம்மாளின் கணவர் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். மாற்றுத் துணி எடுத்து வர அந்த அம்மாள் வீட்டுக்கு வந்திருந்த நேரம். படுக்கைக்குப் பக்கத்தில் அக்காதான் இருந்திருக்கிறார். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் தூக்கத்திலேயே நிம்மதியாகப் போய்விட்டார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் அக்காவைப் பார்த்துக் கேட்டார். "நீ சொல்லு. கஷ்டப்பட்டாரா?"

"கஷ்டப்பட்டாரு. ரெண்டு தடவை உங்க பேரச் சொன்னாரு."

பக்கத்தில் இருந்த பெண்கள் அக்காவை முறைத்தார்கள். அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ஆனால் அதற்குப் பிறகு எந்த விஷயமானாலும் அக்காவிடம் மட்டும்தான் வந்து கேட்பார்.

என்னையும் அந்தக் குணம் ஒருமுறை காப்பாற்றியது. நான் தொழிற்சாலையில் ஃபிட்டர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தேயிலை உருட்டும் மெஷினுக்குள் ஒரு ஸ்பேனரை மறந்து வைத்துவிட்டேன். மறுநாள் மெஷினை ஓட்டியதும் பல்சக்கரம் உடைந்து பாதி நாள் வேலை நின்றது. உதவி மேனேஜரான சின்ன துரை ஃபிட்டர்கள் எங்களை வரிசையாக நிறுத்தி யார் என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. நான் ஸ்பேனரை வைத்ததை அக்கா பார்த்திருந்தார். அப்போது அவர் பேக்கிங்கில்தான் இருந்தார். அவர் எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் அவரிடம் போய், "பாத்தீங்கதானேக்கா, ஏன் சொல்லல?" என்றேன்.

"என்னைக் கேக்கல."

"கேட்டிருந்தா?"

"சொல்லியிருப்பேன்."

"என் வேலை போயிருக்கும்லா."

கொஞ்ச நேரம் யோசித்தார். "போயிருக்கும்" என்றார்.

அன்றைக்கு அவர்மேல் எனக்கு நன்றியும் வந்தது, கூடவே ஒரு பயமும் வந்தது. இரண்டில் எது அதிகம் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

கோமதியை எனக்குப் பேசி முடித்தபோது எனக்கு இருபத்தாறு வயது. பேசி முடித்தது என்று சொல்வது பெரியவர்களுக்காக. அதற்கு முன்பே இரண்டு வருடமாக நாங்கள் பழகிக்கொண்டுதான் இருந்தோம். கியா பார்ம் பக்கம் ஒரு பூந்தோட்டத்தில் அவள் பூக்களைத் தரம் பிரித்துக் கட்டுகிற வேலை பார்த்தாள். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்ததும் அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மோதிரத்த நீங்க ஒருத்தராப் போய் எடுக்கணும். உங்கம்மா வேணாம், உங்க தங்கச்சி வேணாம். எங்கக்காவுக்கு மாமியார்தான் பாத்து எடுத்தாங்க. அவ இன்னிக்கு வரைக்கும் அது மாமியார் மோதிரம்னுதான் சொல்லுவா. எனக்கு நீங்க பாத்து எடுக்கணும். எனக்கும் முன்னாடி காட்டக்கூடாது."

"அளவு?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியணும்" என்று சிரித்தாள்.

எனக்குப் போல்ட்டின் அளவு பார்த்த மாத்திரத்தில் தெரியும். விரலின் அளவு தெரியாது. அப்போதுதான் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நடந்தது நினைவுக்கு வந்தது. அக்கா ஒரு வெள்ளி மோதிரம் போட்டிருப்பார். அன்றைக்குக் கோமதி அதை வாங்கித் தன் விரலில் போட்டுப் பார்த்தாள். தைத்து வைத்தது மாதிரி இருந்தது. "பாருங்கக்கா, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே விரலு" என்றாள்.

அக்காவிடம் போய்க் கேட்டேன். ஈப்போவுக்கு என்னோடு வர வேண்டும், அளவு பார்க்க மட்டும்தான் என்றேன். வருகிறேன் என்றார். "யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா. கோமதிக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்" என்றேன்.

வழக்கம்போலப் பார்வை விலகிப் போனது. "நானாச் சொல்ல மாட்டேன். யாராச்சும் கேட்டா பொய் சொல்ல மாட்டேன்."

"யாருக்கா கேக்கப் போறாங்க" என்றேன்.

அந்தச் சமயத்தில் அக்காவுக்கும் ஓர் இடம் வந்திருந்தது. கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டமும் சொந்த லோரியும் வைத்திருக்கும் குடும்பம். வந்து பார்த்துவிட்டுப் போய், பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாள் குறிப்பதுதான் பாக்கி. நான் காடியை ஓட்ட, ஈப்போவுக்கு மலை இறங்கிக்கொண்டிருந்தபோது, சிம்பாங் பூலாய் ரோட்டு வளைவுகளில், "மாப்பிள்ளையப் பிடிச்சிருக்காக்கா?" என்று கேட்டேன். அன்றைக்கு அவர் யோசித்த நேரம் வழக்கத்தைவிட நீளம்.

"பிடிச்சிருக்கு. பேசுறப்ப கண்ணப் பாத்துப் பேசுறாரு" என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காதுவரை சிவந்திருந்தது. முப்பது வயதை நெருங்கும் வரை எத்தனையோ பேர் வந்து பார்த்துவிட்டு, உயரம் அதிகம், வாய்த்துடுக்கு என்று ஏதாவது சொல்லிப் போயிருக்கிறார்கள். வாய்த்துடுக்கு என்று அவர்கள் சொன்னது எதை என்று எனக்குத் தெரியும்.

ஈப்போ லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடை. கடைக்காரப் பையன் தட்டுகளை எடுத்து வைத்துவிட்டு, அக்காவிடம், "உங்களுக்கு எந்த மாதிரி பிடிக்கும்?" என்றான்.

"எனக்கு இல்ல. இவரு கட்டிக்கப் போற பொண்ணுக்கு. நான் அளவுக்கு வந்தேன்."

அந்தப் பையன் முழித்தான். நான் சிரித்தேன். என் கண் போன மோதிரங்கள் எல்லாம் பெரியவை. இதய வடிவில் வெள்ளைக் கற்கள் எழுந்து நிற்கிற ஒன்றை எடுத்து அக்கா விரலில் போடச் சொன்னேன். "எப்படி இருக்கு?"

"நல்லா இல்ல."

"ஏன்?"

"கோமதி நாளெல்லாம் கையுறை போட்டு வேலை செய்யுது. கல்லு மாட்டும். ரெண்டு நாளு போட்டுட்டுக் கழட்டி வச்சிடும்."

அது எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு வருடமாக அவளைப் பூந்தோட்டத்து வாசலில் இருந்து மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தவன் நான். கையுறையை அவள் கழற்றுவதைத் தினமும் பார்த்தவன். அக்கா தட்டில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்து ஒன்றை எடுத்தார். தட்டையான மோதிரம். நடுவில் மிளகளவு சிவப்புக் கல், தங்கத்துக்குள் அமுங்கி, தடவினால் கைக்குத் தட்டாது. தன் விரலில் போட்டு வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கழற்றி என்னிடம் கொடுத்தார்.

அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் வெளியிலிருந்து யாரோ கண்ணாடி வழியாக ஒரு படம் எடுத்திருக்கிறார்கள். கோலா தெர்லா மாப்பிள்ளையின் அக்கா புருஷன். ஈப்போ பசாருக்குக் காய் இறக்க வந்தவர் சாப்பிட அந்தப் பக்கம் வந்திருக்கிறார். அந்தப் படத்தைப் பிறகு நானும் பார்த்தேன். அக்கா கையை நீட்டி மோதிரத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். நான் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்து அவர் கையைப் பார்க்கிறேன். யார் பார்த்தாலும் ஒன்றுதான் நினைப்பார்கள்.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா அக்காவுக்குப் போன் செய்திருக்கிறார். நடந்ததை அக்கா என்னிடம் சொன்னது தொழிற்சாலை வாசலில், நான் என்ன ஆயிற்று என்று கேட்ட பிறகு.

"ஈப்போ நகைக்கடைக்குப் போனியான்னு கேட்டாங்க. போனேன்னேன். ஒரு பையன் கூடவான்னாங்க. ஆமான்னேன். மோதிரம் போட்டுப் பாத்தியான்னாங்க. பாத்தேன்னேன். போன வச்சிட்டாங்க."

"யாருக்கு மோதிரம்னு அவங்க கேக்கலயா?"

"கேக்கல."

"நீங்களே சொல்லியிருக்கலாமேக்கா."

"நீ யார்கிட்டயும் சொல்லாதன்னியே."

நான் தரையைப் பார்த்தேன். அக்கா எனக்காகக் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு, அவர் என்னிடம் அதுவரை எதையும் கேட்டதில்லை, கேட்டார். "இப்ப நான் சொல்லலாமா தம்பி?"

மாப்பிள்ளையின் சித்தி கோமதியோடு அதே பூந்தோட்டத்தில் வேலை செய்கிறவர். அக்கா அங்கே சொன்னால் மறுநாள் காலையில் அது கோமதிக்குத் தெரிந்துவிடும். நீங்கள் ஒருத்தராகப் போய் எடுக்க வேண்டும் என்று சொன்னவளுக்கு.

"நிச்சயம் முடிஞ்சிடட்டும்கா. மூணு வாரந்தான். முடிஞ்ச மறுநாளே நானே போய்ச் சொல்லிடுறேன்."

"சரி" என்றார்.

அவ்வளவுதான். அவர் முகம் மாறவில்லை. மாறியிருந்தால் நான் வேறு மாதிரி நடந்திருப்பேனோ என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன். அது என்னை நானே ஏமாற்றிக்கொள்வது.

நான்கு நாள் கழித்துப் பெரியப்பா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. என்னை வெளியே கூப்பிட்டார். மகளிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு அவரே பஸ் பிடித்துக் கோலா தெர்லாவுக்குப் போயிருக்கிறார்.

"பொண்ணப் பெத்தவரு வேற எப்படிப் பேசுவீங்கன்னாங்க. வாசல்லயே நிக்க வச்சிட்டாங்க தம்பி. அந்தப் பையன் வந்து சொல்லட்டும், அப்ப நம்புறோம்னாங்க. நீ ஒரு எட்டு வந்து சொல்லிட்டா போதும். இப்பவே போலாம்."

"பெரியப்பா, நிச்சயம் முடியட்டுமே" என்றேன். கோமதி கேட்டதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது ஒரு மோதிரந்தானே தம்பி" என்றார். பிறகு அவராகவே போய்விட்டார்.

நிச்சயதார்த்தம் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நடந்தது. அக்கா வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். கத்தரிப்பூ நிறத்தில் புடவை. வரிசைத் தட்டுகளை எடுத்து வைக்க ஆள் போதாமல் போக, என் அம்மா கூப்பிட்டு அவர் கையில் ஒரு தட்டைக் கொடுத்தார். நான் கோமதிக்கு மோதிரம் போட்டபோது அவர் பழத்தட்டோடு இரண்டு அடி தள்ளி நின்றார்.

மோதிரம் விரலில் போய் அழகாக உட்கார்ந்தது. கோமதி அதைத் தடவிப் பார்த்தாள். "கையுறைல மாட்டாது" என்று மெல்ல என்னிடம் சொன்னாள். கண் கலங்கியிருந்தது. "இதெல்லாமா கவனிச்சிருக்கீங்க?"

கோமதியின் சித்தி எட்டிப் பார்த்தார். "எப்படி மாப்ள அளவு இவ்வளவு சரியா எடுத்தீங்க?"

"சும்மா ஒரு குத்துமதிப்புதான் சித்தி. கடையில இருந்த பொண்ணு போட்டுக் காட்டுச்சு."

சொல்லிவிட்டு நான் அக்காவைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். கோமதி அவர் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். "அக்கா, நல்லா இருக்கா?"

இன்னும் ஒரு கேள்வி, இது உங்களுக்கு முன்பே தெரியுமா என்று ஒரு விளையாட்டுக் கேள்வி கேட்டிருந்தால்கூட எல்லாம் முடிந்திருக்கும்.

அக்கா மோதிரத்தைப் பார்த்தார். "நல்லா இருக்கு. உன் கைக்குச் சரியா இருக்கு" என்றார்.

யாரும் வேறெதுவும் கேட்கவில்லை. படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். அந்த நேரத்தில் என் உடம்பு முழுக்க ஒரு நிம்மதி இறங்கியது. நான் செய்த எல்லாவற்றையும்விட அந்த நிம்மதியை நினைத்துத்தான் எனக்கு அதிகம் கூசுகிறது. அவர் அங்கே தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் தப்பித்தேன் என்று மகிழ்ந்துகொண்டிருக்கிறேன்.

மறுநாள் நான் கோலா தெர்லாவுக்குப் போகவில்லை. கோமதி அந்த மோதிரத்தைப் பூந்தோட்டம் முழுக்கக் காட்டி, அவராகவே போய்த் தேடி எடுத்தது என்று சொல்லியிருந்தாள். ஒரு வாரம் போகட்டும் என்றிருந்தேன். பிறகு வேலை அதிகம் என்றிருந்தேன். ஆறாவது வாரம் கோலா தெர்லா மாப்பிள்ளைக்குப் பீடோரில் ஒரு பெண்ணை நிச்சயம் செய்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. இனிமேல் போய் என்ன பயன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்கா மூன்று மாதத்தில் ஈப்போவுக்குப் போய்விட்டார். ஒரு முதியோர் இல்லத்தில் வேலை என்றார்கள். போவதற்கு முதல் நாள் கடைக்கு வெளியே பார்த்தேன். தேத்தண்ணி குவளையோடு நின்றுகொண்டிருந்தார். "போறீங்களாக்கா?" என்றேன். "ஆமா" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்று தெரியும்.

கல்யாணம் ஆகி மூன்று வருடம் கழித்துக் கோமதி உண்டானாள். எட்டாம் மாதம் கை கால் எல்லாம் வீங்கிவிட்டது. தானா ராத்தா கிளினிக்கில் மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள். சோப்புப் போட்டும் எண்ணெய் தடவியும் வரவில்லை. வெட்ட வேண்டியிருக்கும் என்று தாதி சொன்னதும் கோமதி அழுதுவிட்டாள்.

"வெட்டாதீங்க மிஸ்ஸி. இவரு தனியாப் போயித் தேடி எடுத்தது."

தாதி கடைசியில் விரலைச் சுற்றி நூலை இறுக்கிக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் கழற்றிக் கொடுத்தார். கோமதி அதைக் கைக்குட்டையில் முடிந்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். என்னால் அதற்கு மேல் முடியவில்லை. காடியில் உட்கார்ந்ததும், சாவியைப் போடாமல், எல்லாவற்றையும் சொன்னேன்.

நான் முடித்த பிறகு கேட்டாள். "கோலா தெர்லா இடம் நின்னு போனது இதனாலதானா?"

"ஆமா."

"அந்தக்கா நிச்சயத்தன்னிக்கு என் பக்கத்துலதானே நின்னாங்க?"

"ஆமா."

மடியில் இருந்த கைக்குட்டையின் முடிச்சை அவிழ்த்தாள். "அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு நாளு உங்ககூடப் பேசாம இருந்திருப்பேன். அவ்வளவுதான். அந்த ரெண்டு நாளுக்குப் பயந்தா இப்படிச் செஞ்சீங்க?"

அந்த முறை அவள் பேசாமல் இருந்தது ஒன்பது நாள். பத்தாம் நாள், "ஈப்போவுக்குப் போலாம்" என்றாள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு வளைவுகளில் வர வேண்டாம் என்றேன். வந்தாள்.

முதியோர் இல்லத்தின் பின்பக்கத் தாழ்வாரத்தில் அக்கா ஒரு கிழவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து எழுந்தார். தலையில் ஒன்றிரண்டு நரை. மற்றபடி அதே உயரம், அதே நிதானம். கோமதிக்கு நாற்காலி போட்டார். எத்தனை மாதம் என்று தொட்டுப் பார்த்தார். நான் பேச ஆரம்பித்தேன். தப்பு என்னுடையதுதான் என்றும், மன்னிக்க வேண்டும் என்றும், வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டு நின்றார். நான் முடித்ததும் நகவெட்டியைத் துடைத்துப் பையில் போட்டார். கடைசியில் வேறு வழியில்லாமல் கேட்டேன்.

"என் மேல கோவமாக்கா?"

பார்வை விலகிப் போய்த் திரும்பி வந்தது.

"ஆமா."

"இன்னுமா?"

"இன்னுந்தான்."

கோமதி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அக்கா அவள் தோளில் கை வைத்தார். "உன்மேல இல்ல" என்றார். யாரும் கேட்காமல் அவர் சொன்ன பதில் அது ஒன்றுதான் எனக்கு நினைவிருக்கிறது.

"நான் இப்ப என்ன செய்யணும்கா?"

அதற்கும் யோசித்தார். "எனக்கு ஒண்ணும் வேணாம். எனக்கு இங்க பழகிடுச்சு. எங்கப்பாதான் அன்னையிலேருந்து கோலா தெர்லாப் பக்கமே போறதில்ல. கம்போங் ராஜாவுல சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்குக்கூடப் போகல, பஸ்ஸு அந்த வழியாப் போகுமேன்னு. அவரக் கூட்டிக்கிட்டுப் போ. அவரு முன்னாடி அவங்ககிட்டச் சொல்லு."

சாப்பிட்டுப் போகச் சொன்னார். கோமதி சாப்பிட்டாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவைக் காடியில் ஏற்றிக்கொண்டு போனேன். வெள்ளைச் சட்டை போட்டுத் தலைக்கு எண்ணெய் வைத்திருந்தார். அந்த வீட்டு முற்றத்தில் மாப்பிள்ளையின் அம்மா முட்டைக்கோஸைத் தரம் பிரித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு குழந்தை அழுது, ஒரு பெண் அதைச் சமாதானப்படுத்தும் சத்தம் கேட்டது. நான் யார் என்று சொன்னேன். பிறகு மோதிரம் யாருக்கு என்பதையும், அக்கா ஏன் வந்தார் என்பதையும், அவரை வாய் திறக்க வேண்டாம் என்று தடுத்தது யார் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

அந்த அம்மாள் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இப்ப எதுக்குப்பா இதெல்லாம்? அவனுக்குக் கல்யாணமாகி புள்ளையும் ஆயிடுச்சு."

"அக்கா மேல எந்தத் தப்பும் இல்லம்மா. நீங்க அத என் வாயால கேட்டுக்கணும்."

அவர் கையிலிருந்த கோஸைக் கீழே வைத்தார். பெரியப்பாவைப் பார்த்தார். "அண்ணே, அன்னைக்கு உங்கள இங்கயே நிக்க வச்சு அனுப்பிட்டேன்."

"ஆமாம்மா" என்றார் பெரியப்பா.

"உள்ள வாங்க. ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

"இல்லம்மா. இன்னொரு நாளைக்கு வரேன்."

அந்த அம்மாள் விடாமல் இரண்டு முட்டைக்கோஸைப் பையில் போட்டுக் கொடுத்தார். பெரியப்பா வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும்போது காடியிலிருந்தே அக்காவுக்குப் போன் செய்தார். "போயிட்டு வந்துட்டோம்மா. ஆமா, சொன்னான். எல்லாத்தையும் சொன்னான்." அந்தப் பக்கம் அக்கா என்னவோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. பெரியப்பா "சரிம்மா, சரிம்மா" என்றார். போனைச் சட்டைப் பையில் போட்டு, மடியில் இருந்த பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

லயத்து வாசலில் நிறுத்தினேன். இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார்.

"அரைமணி நேரத்து ரோடுதான் தம்பி" என்றார். "உனக்கு நாலு வருஷம் ஆச்சு."

பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.